கேளுங்க, பேசுவோம்: கச்சேரி உங்களது, வீடியோ யாரோடது?

இந்த இதழுக்குத் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துலேருந்து வந்த கேள்வியில நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு, யூடியூப், ஓடிடி, வாட்ஸ்அப் எல்லாம் வந்தப்புறம் எங்க தொழில் என்னாகும்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன். பேர் போட வேணாம்னு கேட்டிருந்தாங்க, ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கேன்.

அப்பா நாகஸ்வரக் கலைஞர். கோயில் உற்சவத்துல அவர் வாசிச்ச தியாகராஜர் கீர்த்தனையை நானே செல்போன்ல எடுத்து எங்க சேனல்ல ஏத்துனேன். அது எங்களோடதுன்னு ஒரு ஆடியோ கம்பெனி கிளெய்ம் போட்டிருக்கு. எங்கப்பா வாசிச்சது எப்படிங்க அவங்களோடது ஆகும்?
(நாகஸ்வரக் கலைஞரின் மகன், குத்தாலம்)

ஆகவே ஆகாது தம்பி. தியாகராஜர் மறைஞ்சது 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. நம்ம நாட்டுச் சட்டப்படி பாட்டு கட்டினவர் காலமாகி 60 வருஷம் வரைக்கும்தான் அந்தப் பாட்டுக்குக் காப்புரிமை, அதுக்கப்புறம் எல்லாருக்கும் பொது. மும்மூர்த்தி கீர்த்தனையும் தேவாரமும் யார் வேணா வாசிக்கலாம், பாடலாம், ரெக்கார்டும் பண்ணலாம். ஆனா ரெக்கார்டுக்குன்னு தனியா ஒரு உரிமை இருக்கு, அது அந்த ரெக்கார்டைப் பண்ணவங்களுக்கு. அந்த கம்பெனி போட்ட சிடி அவங்களோடது, உங்கப்பா பிரகாரத்துல வாசிச்சு நீங்க செல்போன்ல புடிச்சது உங்களோடது, கீர்த்தனை ஒண்ணுங்கிறதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடாது.

அப்புறம் ஏன் கிளெய்ம் வந்துச்சுன்னா, யூடியூப்ல கன்டென்ட் ஐடின்னு ஒரு ஏற்பாடு 2007-லேருந்து ஓடிக்கிட்டு இருக்கு. கம்பெனிங்க தங்களோட ஆடியோவை அதுல கொடுத்து வச்சிருப்பாங்க, யார் எதை ஏத்துனாலும் மெஷின் ஒப்பிட்டுப் பாத்து ஒத்துப்போற மாதிரி இருந்தா தானா கிளெய்ம் விழுந்துரும், பெரும்பாலும் ஒரு மனுஷன் உக்காந்து காது கொடுத்துக் கேட்டு முடிவு பண்றது கிடையாது. அதே கீர்த்தனை, அதே ராகம், கிட்டத்தட்ட அதே சுருதின்னா மெஷின் ஏமாந்து போகும். நம்ம சங்கீதமே ஒரே கீர்த்தனையை நூறு பேர் நூறு விதமா வாசிக்கிறதுலதான் இருக்கு, அது இந்த மெஷினுக்குப் புரியல, அதனால காசும் பேரும் வேற யாருக்கோ போகுதுங்கிறது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம்.

நீங்க பண்ண வேண்டியது இது. கிளெய்ம் வேற, ஸ்ட்ரைக்குன்னு யூடியூப் சேனல் மேல போடுற எச்சரிக்கை வேற, கிளெய்ம்னா பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் அவங்களுக்குப் போகும், அதனால பயந்துபோய் வீடியோவை அழிச்சிடாதீங்க. யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ள போய் டிஸ்ப்யூட், அதாவது மறுப்பு போடுங்க, கிளெய்ம் வந்த அஞ்சு நாளுக்குள்ள போட்டீங்கன்னா முதல் நாள்லேருந்து வர்ற காசு யாருக்கும் போகாம நிறுத்தி வைக்கப்படும், தாமதமாப் போட்டா போட்ட நாள்லேருந்துதான். என்ன எழுதணும்னா, கீர்த்தனை பொதுச் சொத்து, வாசிச்சவர் என் அப்பா, பதிவு பண்ணது நான், இன்ன கோயில், இன்ன தேதி, அவ்வளவு போதும். கம்பெனிக்குப் பதில் சொல்ல 30 நாள் டைம், அதுக்குள்ள பதில் வரலைன்னா கிளெய்ம் காலாவதி ஆயிடும். அவங்க முடியாதுன்னா அப்பீல் இருக்கு, ஆனா அப்பீல்லயும் அவங்க விடாப்பிடியா நின்னு வீடியோவைத் தூக்கச் சொன்னா ஸ்ட்ரைக் வர வாய்ப்பு உண்டு, 90 நாளைக்குள்ள மூணு ஸ்ட்ரைக்னா சேனலே போயிடலாம். உங்க விஷயத்துல உண்மை உங்க பக்கம் இருக்கு, தைரியமாப் போங்க.

ஒண்ணு மட்டும் கவனம். கல்யாணத்துல அப்பா சினிமாப் பாட்டு வாசிச்சா சட்டம் ஒண்ணும் சொல்லாது, கல்யாணம் மாதிரி சடங்குல வாசிக்கிறதுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு. அதை வீடியோவாக்கி யூடியூப்ல ஏத்துறது வேற கதை, அங்க பாட்டோட உரிமைக்காரங்க கிளெய்ம் போட்டா அது நியாயமான கிளெய்ம்தான், அதுல டிஸ்ப்யூட் போடாதீங்க.

ஒரிஜினல் ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல போட்டு ரெண்டு வேற வேற வீட்டுல வைங்க. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல போயிட்டார், அவரோட தோடி ராகத்தை இன்னிக்கும் நாம கேக்குறோம்னா அன்னிக்கு இசைத்தட்டுல பதிவு பண்ணி வச்சதாலதான். அவர் காலத்துலயே வாசிச்சு, பதிவே இல்லாமப் போன டெல்டா வித்வான்கள் எத்தனை பேர்! உங்கப்பா வாசிப்பு அப்படிப் போகக்கூடாது. சேனல் இருக்கேன்னு அதை நம்பி மட்டும் விட்டுடாதீங்க.

நாங்க கரகம், பொய்க்கால் குதிரை ஆடுற செட்டு. திருவிழாவுக்குப் போனா நாலஞ்சு சேனல்காரங்க வந்து எடுத்துப் போடுறாங்க, லட்சக்கணக்குல பாக்குறாங்க, எங்களுக்கு ஒத்தப் பைசா கிடையாது. அதுவும் தலைப்புல கண்டபடி அசிங்கமா எழுதுறாங்க, எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல தலைகாட்ட முடியல.
(கரகாட்டக் கலைஞர், தஞ்சாவூர்)

அக்கா, உங்க கடிதத்தைப் படிச்சிட்டு மனசே ஆறல. ராத்திரி முழுக்க தலையில கரகத்தோட ஆடுறது நீங்க, அதுல சம்பாதிக்கிறது ஒருத்தன், அவனே உங்களைக் கேவலமாவும் எழுதுறான்னா அது திருட்டும் அவமானமும் சேர்ந்தது. திருவிழாவுல ஆடினா யார் வேணா எடுத்துக்கலாம்னு ஊர்ல எல்லாரும் நினைச்சிக்கிட்டு இருக்காங்க, அது தப்பு. 1957 காப்புரிமைச் சட்டத்துலயே 38-வது பிரிவு கலை நிகழ்த்துறவங்களுக்குன்னு தனி உரிமை கொடுத்திருக்கு, 2012 திருத்தம் அதை இன்னும் பலமாக்கிச்சு, 50 வருஷத்துக்குச் செல்லுபடியாகும். சட்டத்துல சொல்ற கலைஞர்ங்கிறதுல சபா மேடையில பாடுறவங்க மட்டும் இல்ல, ஆடுறவங்க, வித்தை காட்டுறவங்க, பாம்பாட்டி வரைக்கும் இருக்காங்க. உங்க சம்மதம் இல்லாம எடுத்து அதை வச்சு வியாபாரம் பண்ண முடியாது. இந்தக் கலைஞர்தான் ஆடினாங்கன்னு பேர் போடச் சொல்லவும், உங்க பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரி வெட்டி ஒட்டினா தடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு.

சட்டம் இருக்கு சரி, கோர்ட்டுக்கு யார் அலையுறதுன்னு கேப்பீங்க. அதனால அட்வான்ஸ் வாங்குற இடத்துலயே ஆரம்பிங்க. விழாக் கமிட்டிக்குக் கொடுக்குற ரசீதுல ஒரே ஒரு வரி, "வீடியோ எடுத்து இணையத்தில் போடும் உரிமை எங்கள் செட்டுக்கு மட்டும்". கமிட்டி அதுல கையெழுத்துப் போட்டா மைக்குல சொல்லவும் அவங்களுக்குப் பொறுப்பு வரும். கமிட்டி ஆள் ஒருத்தர் சொன்னா செல்போனைத் தூக்கிட்டு முன்னாடி வந்து நிக்குறவன் கொஞ்சமாவது யோசிப்பான். அப்புறம் உங்க செட்டுக்குன்னு ஒரு சேனல் ஆரம்பிங்க, உங்க பொண்ணோ தம்பியோ எடுத்தாப் போதும், பேர், ஊர், போன் நம்பர் போட்டு மரியாதையான தலைப்புல போடுங்க, அதைப் பாத்துட்டு அடுத்த ஊர் கமிட்டி நேரா உங்களைக் கூப்பிடும், விளம்பரக் காசை விட அந்த புக்கிங்தான் உங்களுக்குப் பெரிசு.

அசிங்கமா எழுதுன வீடியோவுக்கு, முதல்ல அந்த லிங்க், தலைப்பு, தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. யூடியூப்ல தனியுரிமைப் புகார்னு ஒண்ணு இருக்கு, உங்க முகம் அடையாளம் தெரியுதுன்னு நீங்களே போடலாம். ஆபாசமா எழுதினது குற்றம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துல எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல நீங்க உறுப்பினர்னா அந்த அட்டையோட நகலையும் சேர்த்து வைங்க, தனி ஆளாப் போகாம செட்டாப் போங்க. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, தலை குனிய வேண்டியது அவ இல்ல.

மருமக சமையல் சேனல் ஆரம்பிக்கணும்ங்குறா. மகன் கேமரா, லைட்டுன்னு கடன் வாங்கப் பாக்குறான். இதுல நெசமாவே காசு வருமா?
(இல்லத்தரசி, பாபநாசம்)

வரும்மா, ஆனா கடன் வேணாம். 1000 சப்ஸ்கிரைபரும் கடைசி ஒரு வருஷத்துல 4000 மணி நேரம் பார்வையும் சேர்ந்தாத்தான் விளம்பரக் காசுல பங்கு கிடைக்கும், இல்லைன்னா ஷார்ட்ஸ்ல 90 நாள்ல ஒரு கோடி பார்வை வரணும். அப்படிச் சேர்ந்தப்புறம் நீள வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸ்னா 45. கணக்குல 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும், அதுக்கு முன்னாடி வீட்டு விலாசத்துக்குத் தபால்ல ஒரு பின் நம்பர் வரும், போஸ்ட்மேன்கிட்ட சொல்லி வைங்க. வரி விவரம் கேக்குற அமெரிக்க படிவத்தை மருமக மறக்காம நிரப்பிடணும், நிரப்பலைன்னா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் புடிச்சிருவாங்க, நிரப்பினா அமெரிக்காவுல பாத்தவங்க மூலமா வந்ததுல மட்டும் 15.

பக்கத்துல புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரங்க 2018-ல வயக்காட்டுல அடுப்பு மூட்டி ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டுச்சு. அதைப் பாத்துட்டு நூறு பேர் அதே மாதிரி பெரிய அண்டாவைத் தூக்கிட்டு வயலுக்குப் போனாங்க, எடுபடல. உங்க மருமக உங்க சமையக்கட்டுலயே நின்னு கும்பகோணம் கடப்பாவும் திருவையாறு அசோகாவும் நீங்க எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே சொல்லிக் கொடுக்கட்டும், கூட நீங்களும் நில்லுங்க, கைப்பக்குவம் சொல்ற மாமியாரை வெளிநாட்டுல இருக்குற நம்ம புள்ளைங்க விரும்பிப் பாப்பாங்க. இருக்குற செல்போனே போதும், சத்தம் மட்டும் தெளிவா கேக்குற மாதிரி ஒரு சின்ன மைக் வாங்கிக்கிட்டா சரி.

கேபிள் தொழில்ல பல வருஷமா இருக்கேன். பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போறவங்க கூடிக்கிட்டே போறாங்க. தொழிலை விட்டுடவா?
(கேபிள் ஆபரேட்டர், மன்னார்குடி)

விட வேணாம் அண்ணே, ஆனா மாத்தணும். உங்க தப்பால ஆள் போகல. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த அன்னிக்கே இது ஆரம்பிச்சிருச்சு, 2019-ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த சேனல் வாரிக் கட்டணத்துல பில் குழப்பமாகி இன்னும் கொஞ்சம் பேர் போனாங்க, கிரிக்கெட்டும் செல்போனுக்குள்ள போயிருச்சு. 2024-ல முதல் தடவையா டிவியை மிஞ்சி டிஜிட்டல் மீடியா நம்ம நாட்டு மீடியா வருமானத்துல முதலிடத்துக்கு வந்திருச்சுன்னு தொழில் கூட்டமைப்பான ஃபிக்கியும் ஆலோசனை நிறுவனமான இஒய்யும் சேர்ந்து போட்ட அறிக்கை சொல்லுது. விளம்பரக் காசு அங்க போனா நல்ல நிகழ்ச்சியும் அங்கதான் போகும், இது திரும்பி வராது.

ஆனா எந்தப் பெரிய கம்பெனிகிட்டயும் இல்லாதது உங்ககிட்ட இருக்கு, தெருத் தெருவா ஒயர் இழுத்த அனுபவம், ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணாலும் ஏணியோட வர்ற பழக்கம். அந்த நம்பிக்கையை வச்சு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்க ஆரம்பிங்க, பல ஊர்ல ஆபரேட்டருங்க இப்படித்தான் தாக்குப் புடிச்சு நிக்கிறாங்க. ஒப்பந்தம் போடும்போது வாடிக்கையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம்னு மட்டும் தெளிவா எழுதி வாங்குங்க, கம்பெனி நாளைக்கு உங்களைக் கழட்டி விட்டாலும் அந்த வீடுங்க உங்க கையை விட்டுப் போகக்கூடாது.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன். உங்க லோக்கல் சேனல்ல அந்தக் காலத்துல ஓட்டுன விஎச்எஸ் கேசட், மினி டிவி (DV) டேப்பெல்லாம் பரண்ல கிடக்குமே, தேர், தெப்பம், திருவிழாக் கச்சேரின்னு, தயவுசெஞ்சு அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போடாதீங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு டேப்புல பூஞ்சை புடிச்சிரும், ஓட்டுற மெஷினும் ரிப்பேர் பண்ற ஆளும் இனிமே கிடைக்கிறது கஷ்டம். இருக்குற மெஷினை வச்சு இப்பவே கம்ப்யூட்டருக்கு மாத்துங்க, ஒவ்வொண்ணுலயும் எந்த வருஷம், எந்த ஊர், யார் வாசிச்சதுன்னு எழுதி வைங்க. நம்ம ஊரோட முப்பது வருஷம் உங்க பரண்லதான் இருக்கு, வேற எங்கயும் கிடையாது.

நாலு வாரத்துல ஓடிடியில வந்துரும்னு வீட்டுல யாரும் தியேட்டருக்கே வர மாட்டேங்குறாங்க. தியேட்டர் இன்னும் எத்தனை நாளைக்கு?
(கல்லூரி மாணவி, பட்டுக்கோட்டை)

பெரிய படத்துக்குக் கூட்டம் வந்துக்கிட்டுதாம்மா இருக்கு, அடி வாங்குறது சின்னப் படம். டிஜிட்டலால தியேட்டர் கெட்டுச்சுன்னு மொத்தமாச் சொல்லிட முடியாது, ஃபிலிம் சுருள் இருந்த காலத்துல பிரிண்ட் பெரிய ஊரைச் சுத்திட்டுத்தான் நம்ம பக்கம் வரும், கோடு விழுந்து, அங்கங்க வெட்டுப்பட்டு. சென்னையில உருவான கியூப் மாதிரி டிஜிட்டல் முறை வந்தப்புறம்தான் பட்டுக்கோட்டைக்காரங்களும் சென்னைக்காரங்களும் ஒரே நாள் காலையில ஒரே படம் பாத்தாங்க. அதே டிஜிட்டல்தான் 2020-ல கொரோனா சமயத்துல படத்தை நேரா வீட்டுக்குக் கொண்டுபோச்சு. 2021 பொங்கலுக்கு வந்த மாஸ்டர் படம் மூடிக் கிடந்த தியேட்டரைத் திரும்ப நிரப்புச்சு, ஆனா ஜனவரி 13-ல வந்த படம் 29-ந் தேதியே ஓடிடியில வந்துருச்சு. அப்புறம் நாலு வாரம்னு ஆச்சு, வடக்க மல்டிபிளெக்ஸ்காரங்க எட்டு வாரம் கேக்குறாங்க, அதனாலதான் 2023-ல லியோவோட இந்தி பதிப்பைப் பெரிய மல்டிபிளெக்ஸ் செயின்ல போடல. நம்ம ஊர் தியேட்டர்காரங்களும் எட்டு வாரம்தான் கேக்குறாங்க, எனக்கும் அதுதான் நியாயமாப் படுது. ஓடிடிகாரங்க சின்னப் படத்தை முன்ன மாதிரி அள்ளி வாங்குறதும் இப்ப இல்ல, அப்ப புது டைரக்டருக்கு இருக்குற ஒரே வழி நம்ம ஊர்ல ஒரு வாரமாவது படம் ஓடுறதுதான். நல்லாருக்குன்னு கேள்விப்பட்ட சின்னப் படத்துக்கு முதல் மூணு நாளுக்குள்ள போயிடும்மா, திங்கக்கிழமை ஷோ இருக்குமான்னு முடிவாகுறது அந்தக் கூட்டத்தை வச்சுத்தான்.

மேட்டூர் தண்ணி, புயல்னு தினமும் ஒரு வீடியோ வருது. "டெல்டாவே மூழ்கும்"னு தலைப்பு போட்டு உள்ள ஒண்ணும் இருக்கிறதில்ல. இதை நம்பி அறுப்பைத் தள்ளிப்போட்டு நஷ்டப்பட்டவங்க இருக்காங்க.
(விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பெரியவரே, உங்க பக்கத்துக்கு நல்ல நினைப்பு ஒண்ணு இருக்கும். 1960-கள்ல ஆடுதுறையில வந்த ஏடிடி 27 நெல்லை தஞ்சாவூர் ஜில்லாக்காரங்க "ரேடியோ நெல்"னே கூப்பிட்டாங்க, திருச்சி வானொலி சொல்லித்தான் அந்த நெல்லு அவ்வளவு வேகமாப் பரவுச்சு. ரேடியோவுல ஒருத்தர் பேசினா அவருக்குப் பின்னாடி வேளாண் அதிகாரி இருந்தார், தப்புன்னா பதில் சொல்ல ஆள் இருந்துச்சு. இன்னிக்கு அந்த வீடியோ போடுறவனுக்கு நீங்க தலைப்பைத் தட்டினாலே காசு, உங்க நெல்லு முளைச்சா அவனுக்கு என்ன நஷ்டம்? பயமுறுத்துற தலைப்புக்குத்தான் கூட்டம் வருது, கூட்டம் வர்றதைத்தான் யூடியூப்பும் இன்னும் பத்து பேருக்குக் காட்டுது.

அதுக்காகச் செல்போனையே ஒதுக்க வேணாம், 2018 கஜா புயல் சமயத்துல மழைக் கணிப்பு போடுற தனி ஆளுங்க பொறுப்பா எழுதினதால முன்னெச்சரிக்கையா இருந்தவங்களும் உண்டு. யார் நேத்து சொன்னது நடக்கலைன்னா இன்னிக்கு அதையும் சொல்லி விளக்குறாங்களோ அவங்களைப் பாருங்க. மழைக்கும் புயலுக்கும் சென்னை வானிலை ஆய்வு மையம், அரசோட டிஎன் அலர்ட் ஆப், மேட்டூருக்கு நீர்வளத்துறை தினமும் கொடுக்குற நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேத்துற கனஅடி, இந்த மூணும் தெரிஞ்சாப் போதும். மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12-தான் வழக்கமான தேதி, ஆனா 2022-ல மே 24-லயே திறந்தாங்க, 2024-ல ஜூலை 28 வரைக்கும் போயிருச்சு, அதனால "நாளைக்குத் திறப்பு"ன்னு யார் வீடியோ போட்டாலும் அரசு அறிவிப்பைப் பாக்காம நாத்தங்காலுக்கு விதை ஊறப் போடாதீங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல தேதி இல்லாத வீடியோவை யாரும் ஃபார்வர்டு பண்ணக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு வைங்க, பழைய புயலோட வீடியோவைப் புதுசுன்னு சுத்தவிடுறதுதான் நிறைய நடக்குது.

சிறுகதை எழுதுவேன். அனுப்பிக்கிட்டு இருந்த பத்திரிகைங்க ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. இனிமே எங்க அனுப்புறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை)

டீச்சர், அனுப்புற இடம் குறைஞ்சிருச்சு, படிக்கிற ஆள் குறையல. அமேசானோட கிண்டில் மின்புத்தகக் கடையில 2016 டிசம்பர்லேருந்து தமிழ்ப் புத்தகம் வருது, ஒரு பத்துப் பன்னெண்டு கதை சேர்ந்ததும் நீங்களே போடலாம், உரிமை உங்ககிட்டயே இருக்கும். தொடர்கதை எழுதுற கைன்னா பிரதிலிபி மாதிரி ஆப் இருக்கு, வாசகர் அன்னிக்கே கருத்து எழுதுவாங்க. எந்த ஆப்ல போட்டாலும் "எல்லா உரிமையும் நிரந்தரமாக"ங்குற மாதிரி வரி ஒப்பந்தத்துல இருந்தா சம்மதம் கொடுக்காதீங்க, ஆடியோ, வெப் சீரிஸ் உரிமையெல்லாம் அதுக்குள்ளயே போயிடும். அந்த வரி புரியலைன்னா ஒப்பந்தத்தோட நகலை இங்க அனுப்புங்க, படிச்சுப் பாத்துட்டு அடுத்த இதழ்ல எழுதுறேன். கூட ஒரு கதையும் அனுப்புங்க, இங்க இன்னும் இடம் இருக்கு.